ஏழையின் உடலும் எரிந்த உடலும்

1942-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள். சனிக்கிழமை இரவு மணி பத்தே கால். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே 'கோக்கனட் குரோவ்' என்றொரு களியாட்ட விடுதி. தென்னந்தோப்பு என்பது அதன் பொருள். உண்மைத் தென்னை ஒன்றுகூட அங்கே இல்லை. துணியாலும் தாளாலும் செய்த பொய்த் தென்னைகள்! கூரையிலே பட்டுத் துணி; மேசையிலே மது; மேடையிலே இசை. சட்டம் ஒப்பிய தொகைக்கு ஏறத்தாழ இரு மடங்கு மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். அடித்தளத்து அறையிலே ஒரு பொய்த் தென்னையிலே பற்றிய தீ, சில நிமிடங்களிலே மாளிகை முழுவதையும் வளைத்துக்கொண்டது. தலைவாயிலிலே சுழற்கதவு, அதிலே உடல்கள் சிக்கிக் கதவு சுழல மறுத்தது. பக்கக் கதவுகளோ பூட்டிக் கிடந்தன. ஏன் பூட்டினார்கள்? குடித்தவர் காசு கொடாமல் நழுவிவிடக் கூடாதாம்! 492 உயிர்கள் மாண்டன. விடுதி உரிமையாளர் மறு ஆண்டு சிறை புகுந்தார். தீ விபத்தின்போது நகரத் தந்தையாக இருந்தவர் பின்னர் மாநில ஆளுநரானார். அந்த ஆளுநரின் மன்னிப்பே உரிமையாளரைச் சிறையினின்று விடுவித்தது. இதனை இடையிலே சொல்லி வைத்தோம். நாம் எழுத வந்தது வேறு கதை.

அன்றிரவு பாஸ்டன் மருத்துவமனைகளுக்கு உயிரோடு கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களைச் சுற்றி நின்ற மருத்துவர்களுக்கு ஒரு புதிர் நெடுநாளாகவே இருந்து வந்தது. நெருப்பு அணைந்துவிட்டது. நோயாளி நெருப்பினின்றும் மீட்கப்பட்டுவிட்டான். முதல் நாளைக் கடந்துவிட்டான். இரண்டாம் நாளையும் கடந்துவிட்டான். பேசுகிறான், பால் அருந்துகிறான். பத்தாம் நாள் காய்ச்சல் காண்கிறது. பதினைந்தாம் நாள் மாள்கிறான். அணைந்த நெருப்பு எவ்வாறு கொன்றது?

"விதி" என்று கூறிவிட்டு உறங்கச் செல்வது எளிது. எல்லா நாட்டிலும் அவ்வாறு கூறியோர் உண்டு. ஆனால் விதி என்பது விடையன்று. வினாவை மூடி வைக்கும் மூடி. அந்த மூடியைத் திறந்து பார்த்தவர்களின் வரலாற்றையே ஈண்டு எழுதுகிறோம். அவர்கள் எல்லோரும் அறிவிலே பிழையற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும் பிழைகள் செய்தார்கள். அப்பிழைகளுள் ஒன்று குழந்தைகளின் கழுத்திலே போய் விழுந்தது. அதனையும் மறைக்காமல் சொல்வோம்.

முதலிலே எழுந்த விளக்கம், வெந்த தோலிலே நஞ்சு பிறக்கிறது என்பது. அந்த நஞ்சு குருதியிலே கலந்து கொல்கிறது என்று நம்பினர். நம்பியதனாலே, 1925-இல் டெட்ராய்ட் நகரத்து அறுவை மருத்துவர் டேவிட்சன், தோல் பதனிடும் துவர்ப்பொருளாகிய டானிக் அமிலத்தைப் புண்ணின்மீது தெளித்து, அதனைக் கெட்டித் தோலாக இறுக்கினார். நஞ்சு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கட்டும் என்பது எண்ணம். உலகெங்கும் பரவிற்று அம்முறை. பின்னரே தெரிந்தது, அந்த அமிலம் கல்லீரலையே கெடுக்கிறது என்று! கோக்கனட் குரோவ் இரவிலே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினர் அதனைக் கைவிட்டு, மென்களிம்பு பூசிய துணியால் புண்ணைச் சுற்றி, சிரை வழியே குருதி நீரை ஏற்றினர்.

குருதி நீர் ஏற்றும் எண்ணத்துக்கும் ஒரு தீ விபத்தே தாய். 1921 நவம்பரிலே நியூ ஹேவன் நகரத்து ரியால்டோ திரையரங்கு எரிந்தது. ஏல் பல்கலைக்கழகத்து அண்டர்ஹில் அங்கே வெந்தவர்களை ஆராய்ந்தார். கொப்புளத்து நீரை எடுத்துப் பார்த்தால், அது குருதி நீரைப் போலவே இருக்கிறது! குழாய்களுக்குள்ளே ஓட வேண்டியது கொப்புளத்துக்குள்ளே தேங்குகிறது; எனவே குருதி கெட்டிப்பட்டு, இதயம் இறைக்க இயலாமல் தவிக்கிறது. இழந்ததை ஈடு செய்வதே மருந்து. பின்னாளிலே, 1968-இல், டாலஸ் நகரத்து பாக்ஸ்டர் அதற்கொரு கணக்கே வகுத்தார். உடல் எடை ஒரு கிலோவுக்கு, வெந்த பரப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு, 4 மில்லி லிட்டர். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நூற்றுக்கு 40 பங்கு வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர். அதிலே பாதி, வெந்த நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள்.

முதல் இரண்டு நாட் சாவு இவ்வாறு குறையத் தொடங்கிற்று. குறைந்ததும், அதற்குப் பின்னே நின்றிருந்த இரண்டாவது சாவு தெளிவாகத் தெரிந்தது. அது கிருமியால் வருவது. சீழ் பச்சையாக மாறும். சூடோமோனாஸ் என்னும் கிருமி குருதியிலே புகும். நலமுள்ள மனிதனை அணுகவும் அஞ்சும் அற்பக் கிருமிகள், வெந்தவனை வீழ்த்திவிடுகின்றன. தோல் என்னும் மதில் இடிந்தது. பகைவன் நுழைந்தான் என்று கூறலாம். அது பாதி விடை. மதில் இடிந்த ஊரிலும் படை இருக்குமன்றோ? படை என்ன செய்துகொண்டிருந்தது? தீ தீண்டாத நுரையீரலிலே கூடக் கிருமி குடியேறுகிறதே, அங்கே காவல் ஏன் தளர்ந்தது?

இதற்கு விடை தேட நாம் பின்னோக்கி நூறாண்டு நடக்க வேண்டும்.

1842-இல் லண்டன் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் பிளிசார்ட் கர்லிங் என்னும் அறுவை மருத்துவர் ஒரு வியப்பான செய்தியை எழுதினார். தீப்புண்ணால் இறந்தவர்களை அறுத்துப் பார்க்கும்போது, இரைப்பையை அடுத்த சிறுகுடலின் தொடக்கத்திலே புண் இருக்கிறது. சிலரிடம் அது குடலைத் துளைத்தே விட்டிருக்கிறது. தீயோ மார்பிலும் கையிலும். புண்ணோ வயிற்றுக்குள்ளே! நெருப்புத் தீண்டாத இடத்திலே புண் எங்கிருந்து வந்தது? தோலுக்கும் குடலுக்கும் நடுவே ஏதோ ஒரு தூதன் ஓடுகிறான் என்பதற்கு அது சான்று. தூதனை கர்லிங் காணவில்லை. அவன் விட்டுச் சென்ற அடிச்சுவட்டைக் கண்டார்.

தூதனின் வீடு, சிறுநீரகத்தின் உச்சியிலே தொப்பிபோல் கவிழ்ந்திருக்கும் சிறு சுரப்பி, அட்ரினல் என்பர். 1855-இல் தாமஸ் அடிசன், இச்சுரப்பி பழுதுற்றால் மனிதன் மெலிந்து கறுத்து மாள்கிறான் என்று காட்டினார். மறு ஆண்டு பிரௌன் சேக்கார், விலங்குகளிடமிருந்து இதனை நீக்கினால் அவை பிழைப்பதில்லை என்று காட்டினார். 1901-இல் ஜப்பானியரான தாகாமினே இதன் நடுப்பகுதியினின்றும் அட்ரினலினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேனன் ஒரு பூனையைக் கட்டி வைத்து, அதன் எதிரே நாயைக் குரைக்க விட்டார். அஞ்சிய பூனையின் குருதியிலே அட்ரினலின் மிகுந்திருந்தது. அச்சத்துக்கு உடலிலே ஒரு வேதிப்பொருள் உண்டு! பேய்க்கும் பிசாசுக்கும் அஞ்சி நடுங்குபவனின் நடுக்கத்தையும் சோதனைக் குழாயிலே அளக்கலாம் என்ற நிலை வந்தது. பேயைத்தான் இன்னும் எவரும் அளந்ததில்லை.

அடுத்த படியைத் தவறுதலாகக் கண்டவர் ஹான்ஸ் செலியே. வியன்னாவிலே பிறந்து, பிராகிலே பயின்று, கனடா நாட்டு மான்ட்ரியாலுக்கு வந்தவர். முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ் பெற வேண்டும் என்ற ஆவல். சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார். மூன்று மாறுதல்களைக் கண்டார்: அட்ரினல் பருத்திருந்தது; தைமஸ் என்னும் மார்புச் சுரப்பி சுருங்கியிருந்தது; இரைப்பையிலும் குடலிலும் புண். துள்ளிக் குதித்தார், புது ஹார்மோன் கிடைத்ததென்று. பிறகு ஐயம் பிறந்தது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் பார்மலினைச் செலுத்திப் பார்த்தார். அதே மூன்று மாறுதல்கள்! குளிரிலே வைத்தார், அதே மூன்று. அறுத்தார், ஓய்வின்றி ஓடவிட்டார், அதே மூன்று. கனவு இடிந்தது. ஆனால் இடிந்த கனவின் அடியிலே உண்மை கிடந்தது. துன்பம் எதுவாயினும் உடலின் மறுமொழி ஒன்றே. 1936 ஜூலை 4-ஆம் நாள் 'நேச்சர்' இதழிலே ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சிறு குறிப்பாக அதனை வெளியிட்டார். அட்ரினலை முன்னரே நீக்கிவிட்ட எலிகளுக்கு அதே துன்பத்தைக் கொடுத்தால் தைமஸ் சுருங்குவதில்லை என்பதையும் தொடர்ந்து காட்டினார். ஆகவே, தைமஸைச் சுருக்கும் கட்டளை அட்ரினலிலிருந்தே செல்கிறது. கர்லிங் 94 ஆண்டுகளுக்கு முன் கண்ட குடற்புண்ணும் இம்மூன்றனுள் ஒன்றாக வந்து அமர்ந்ததைப் பாருங்கள். (இதே செலியே பிற்காலத்தில் புகையிலை முதலாளிகளின் பணத்தைப் பெற்று, நோய்க்குக் காரணம் புகையன்று, மன உளைச்சலே என்னும் வாதத்துக்குத் துணை போனார். கண்டுபிடிப்பைப் பாராட்டுவோம், கண்டவரைக் கடவுளாக்க வேண்டியதில்லை.)

தைமஸ் சுருங்கிற்று என்றோம். மார்பெலும்பின் பின்னே கிடக்கும் இச்சிறு சதையைப் பற்றி மருத்துவ உலகம் அப்போது என்ன எண்ணிக்கொண்டிருந்தது? இங்கேதான் நாம் முன்பு சொன்ன பெரும் பிழை நிற்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் பயிலப் பிணங்கள் வேண்டியிருந்தன. கல்லறைகளைத் தோண்டித் திருடி விற்றனர் சிலர். 1828-இல் எடின்பரோவிலே பர்க்கும் ஹேரும் தோண்டும் தொல்லையும் வேண்டாமென்று, 16 பேரைக் கொன்றே விற்றனர். நாடு கொதித்தது. 1832-இல் ஆங்கில நாடாளுமன்றம் உடற்கூறுச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் கண்ட தீர்வு யாது? ஏழையர் விடுதியிலே இறந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களைக் கல்லூரிக்கு அனுப்பலாம்! செல்வனின் கல்லறைக்குக் காவல் கிடைத்தது. ஏழையின் உடலுக்குக் கத்தி கிடைத்தது. உயிரோடிருந்தபோது அவனுக்கு ஒரு வேளைச் சோறு கொடுக்க மறுத்த சமுதாயம், செத்தபின் அவனைப் பேராசிரியர் மேசையிலே ஏற்றி வைத்தது.

மேசையிலே கிடந்த அவ்வுடல்களைப் பார்த்தே மாணவர்கள் 'இயல்பான மனித உடல்' இன்னதென்று கற்றனர். ஆனால் அவை இயல்பான உடல்களா? பல மாதம் பட்டினி, பல ஆண்டு காசநோய், குளிர், கவலை. செலியேயின் எலிகள் சில நாட்களிலே பட்ட பாட்டை இம்மனிதர்கள் வாழ்நாள் முழுவதும் பட்டிருந்தனர். அவர்களுடைய தைமஸ் சுருங்கிச் சுருண்டு கிடந்தது. அந்தச் சுருங்கிய சுரப்பியே அளவுகோல் ஆயிற்று!

பிறகு நேர்ந்தது என்ன? நன்றாக உண்டு, நன்றாக விளையாடி, இரவிலே தொட்டிலில் காரணம் தெரியாமல் திடீரென இறந்துவிடும் குழந்தையை அறுத்துப் பார்த்தனர். இயற்கையான அளவிலே தைமஸ் இருந்தது. ஆனால் அளவுகோல் ஏழையினுடையதன்றோ? ஆகவே, "ஆ! தைமஸ் பருத்திருக்கிறது! பருத்த சுரப்பி மூச்சுக்குழலை நெரித்துக் கொன்றுவிட்டது!" என்றனர். 1830-இல் இதற்குத் 'தைமஸ் ஆஸ்துமா' என்று பெயர் வைத்தனர். 1858-இல் ஜெர்மானியரான ஃப்ரீட்லேபன் ஆராய்ந்து, அப்படியொரு நோயே இல்லை என்றார். கேட்டனரா? 1889-இல் வியன்னாவின் பல்டாவ்ஃப் என்பவர், நெரிப்பதன்று, உடலமைப்பே கோளாறு என்று சொல்லி, நீண்ட இலத்தீன் பெயர் ஒன்றைச் சூட்டினார். இல்லாத நோய்க்கு இலத்தீன் பெயர் கிடைத்துவிட்டால், அதனை ஒழிப்பது எவ்வளவு கடினம் என்பதை மந்திரத்தின் மொழி புரியாமலே தலை வணங்கிப் பழகிய நாட்டினர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எக்ஸ் கதிர் வந்தது. 1907-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலே, 'பருத்த' தைமஸைச் சுருக்கவென்று ஒரு குழந்தைக்குக் கதிர் பாய்ச்சினர். குழந்தை பிழைத்தது, பிழைக்கத்தான் செய்யும், நோய் இருந்தால்தானே சாவதற்கு! முறை பரவிற்று. நோயே காணாத குழந்தைகளுக்கும் முன்னெச்சரிக்கை என்ற பெயரால் கதிர் பாய்ச்சினர். தைமஸ் கிடப்பது கழுத்தடியிலே, கழுத்திலே தைராய்டு. 1950-இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் இருவர், தைராய்டுப் புற்றுநோய் கண்ட சிறுவர் சிறுமியரின் பழங்கதையைக் கேட்டனர். அவர்களுள் பலர் கைக்குழந்தையாக இருக்கையில் தைமஸுக்குக் கதிர் பெற்றவர்கள்! பின்னர் ரோச்செஸ்டர் நகரிலே அவ்வாறு கதிர் பெற்ற குழந்தைகளை ஆண்டுக் கணக்கிலே தொடர்ந்து பார்த்து, ஐயம் உண்மையென்று உறுதி செய்தனர்.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1845-இலேயே ஜான் சைமன் என்னும் ஆங்கிலேயர், தைமஸின் அளவு உடலின் ஊட்டத்துக்கேற்ப ஏறி இறங்கும் என்று எழுதினார். ஸ்வீடன் நாட்டு ஹம்மார், நோயாலும் பட்டினியாலும் அச்சுரப்பி சுருங்குவதை நுணுகி ஆராய்ந்து எழுதினார். இறுதியாக, பிரிட்டனிலே ஒரு குழு அமைந்து, விபத்திலே திடீரென இறந்த நலமானவர்களின் தைமஸை நிறுத்துப் பார்த்து, 1931-இலே அறிக்கை வெளியிட்டது. பருத்த தைமஸ் என்னும் நோய்க்குச் சான்று ஏதுமில்லை. பருத்ததெனக் கருதியதே இயல்பான அளவு! ஆனால் அறிக்கை வெளிவந்த பின்னும் கதிர்ப்பொறிகள் பல ஆண்டு ஓயவில்லை.

இக்கதையை நாம் இவ்வளவு விரித்தது ஏன்? எரிந்த உடலிலே நடப்பதும், ஏழையின் உடலிலே நடந்ததும் ஒரே வினை என்பதால். ஒன்றிலே ஒரே இரவில். மற்றொன்றிலே ஆண்டுக் கணக்கில். இரண்டிலும் கட்டளை பிறப்பது அதே சுரப்பியில்.

தைமஸ் எதற்காக இருக்கிறது என்பதோ 1961 வரை தெரியாது. லண்டனிலே ழாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டியின் தைமஸை நீக்கினார். வளர்ந்த எலியிலே நிணவணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் குறைந்தன. அயல் எலியின் தோலை ஒட்டினால் அதனை மறுக்காமல் ஏற்றது. கிருமி கண்டதும் வீழ்ந்தது. தைமஸ் படைப் பயிற்சிக் கூடம்! அதனைத்தான் குழந்தைகளின் மார்பிலே கதிரால் கருக்கிக்கொண்டிருந்தனர்.

இனித் தீப்புண்ணுக்கு வருவோம். 1943, 1944 ஆண்டுகளிலே ஏல் பல்கலைக்கழகத்து டௌகர்ட்டியும் ஒயிட்டும், அட்ரினலைத் தூண்டும் ஹார்மோனைச் செலுத்தினால் குருதியிலே நிணவணுக்கள் சில மணி நேரத்திலே குறைகின்றன என்று காட்டினர். 1948-இல் மேயோ மருத்துவ மனையிலே ஹென்ச் என்பவர், அட்ரினலின் புறணியிலிருந்து கென்டால் பிரித்தெடுத்த கார்ட்டிசோனை, மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்ணொருத்திக்குச் செலுத்தினார். சில நாட்களில் அவள் நடந்தாள். 1950-இல் நோபல் பரிசு. உலகமே கார்ட்டிசோன் மயக்கத்திலே ஆழ்ந்தது. தீப்புண்ணுக்கும் கொடுத்துப் பார்த்தனர் சிலர். பயன் நிலைக்கவில்லை, கைவிட்டனர். வீக்கத்தை அடக்கும் மருந்து காவலையும் அடக்குகிறதென்று மெல்ல மெல்லத் தெரிந்தது.

இதனை அழகாக மெய்ப்பித்தது தோல் ஒட்டும் கலை. 1943-இல் கிளாஸ்கோ நகரிலே, தீப்புண்ணுற்ற பெண்ணொருத்திக்கு அவளுடைய உடன்பிறந்தானின் தோலை இருமுறை ஒட்டினர் கிப்சனும் மெடவாரும். முதல் முறை ஒட்டியது சில நாள் நின்று உதிர்ந்தது. இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் விரைவாக உதிர்ந்தது. உடல் நினைவு வைத்துக்கொண்டு மறுக்கிறது! 1951-இல் மெடவாரும் அவருடைய துணைவரும் முயல்களுக்குக் கார்ட்டிசோன் கொடுத்துவிட்டுத் தோல் ஒட்டினர். அயல் தோல் நெடுநாள் நின்றது. அதே பத்தாண்டிலே மருத்துவர்கள், மிகப் பரந்த தீப்புண்ணுடையவரிடமும் பிறருடைய தோல் வழக்கத்தைவிட நெடுநாள் நிற்கக் கண்டு எழுதினர். அவருக்கு யாரும் கார்ட்டிசோன் கொடுக்கவில்லை. அவருடைய உடலே கொடுத்துக்கொண்டது. (தைமஸிலே நிணவணுக்கள் இருப்பது வெறும் தற்செயல் என்று, மில்லரின் முடிவு வெளிவந்த பின்னும் கருதியவர் இதே மெடவார். பேரறிஞர்க்கும் சறுக்கல் உண்டு.)

கட்டளை புறப்படும் வழியையும் கண்டனர். 1959-இல் எக்டால் என்னும் அமெரிக்கர், மயக்கமூட்டிய நாயின் காலொன்றை, நரம்பாலும் குருதிக் குழாய்களாலும் மட்டுமே உடலோடு பிணைந்திருக்கும்படி செய்து, அக்காலைக் காயப்படுத்தினார். அட்ரினல் சுரந்தது. நரம்பை அறுத்துவிட்டுக் காயப்படுத்தினார். அந்த மறுமொழி நின்றது. அந்நாய்களின் துன்பத்தை எண்ணி நாம் மகிழவில்லை. ஆனால் அச்சோதனையின் பொருள் பெரிது. வலியின் செய்தி மூளைக்குச் செல்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அட்ரினலுக்கு ஆணை அனுப்புகிறது. நோயாளியின் வலியைப் போக்குவது கருணைச் செயல் மட்டுமன்று, மருத்துவச் செயலுமாகும் என்பதற்கு இது சான்று. வலி பாவத்தின் தண்டனை, பொறுத்துக்கொள் என்று கூறுபவன் நோயாளியின் காவற்படைக்கே பகைவன்.

இன்று தெரிந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். உடலின் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ வெந்தவரிடம் கார்ட்டிசால் மிகுகிறது; அட்ரினலின், நார் அட்ரினலின் ஆகியவை பன்மடங்கு ஏறுகின்றன. கார்ட்டிசால் நிணவணுவுக்குள்ளேயே புகுந்து, அதற்குரிய ஏற்பியைப் பற்றிக்கொண்டு, அணுவின் கருவுக்குச் சென்று, படையைப் பெருக்கும் தூதுப் பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கிறது. தைமஸிலே பயிற்சி முடியாத இளம் அணுக்களோ தற்கொலையே செய்துகொள்கின்றன. 1980-இல் எடின்பரோவின் வைலி, அவ்வணுக்கள் தம் மரபிழையைத் தாமே துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு மடிவதைக் காட்டினார். முதிர்ந்த அணுக்கள் பல, குருதியை விட்டு எலும்பு மச்சைக்கும் பிற இடங்களுக்கும் ஒதுங்குகின்றன. நார் அட்ரினலினோ மண்ணீரலுக்குள்ளும் நிணமுடிச்சுக்குள்ளும் ஓடும் நரம்பு முனைகளிலேயே சொரிகிறது. அது எலும்பு மச்சையின் உற்பத்தியையும் திருப்பிவிடுகிறது. சிவப்பணு குறைய, ஒருவகை வெள்ளணு மிகுகிறது. எண்ணிப் பார்த்தால் வெள்ளணு ஏராளம். ஆனால் அவற்றிலே முதிராதவை மிகுதி. கிருமி இருக்கும் இடம் தேடி நேர் வழியே ஓடும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. ஒருபுறம் வெந்த சதையினின்றும் சிதறும் அணுத் துணுக்குகள் படையை வெறிகொள்ளச் செய்ய, மறுபுறம் ஹார்மோன்கள் அதனைக் கட்டிப்போட, நடுவிலே நோயாளி.

அப்படியாயின் இந்த ஹார்மோன்கள் உடலின் பகையா? அவ்வாறு எண்ணினால் அடிசன் சிரிப்பார். அட்ரினல் பழுதுற்றவன் சிறு காயத்துக்கே மாள்கிறானே! 1984-இல் டார்ட்மத் கல்லூரியின் மன்க்கும் துணைவரும் இம்முரணுக்கு விளக்கம் அளித்தனர். கார்ட்டிசால் உடலைக் காப்பது துன்பத்தினின்று அன்று; துன்பத்தை எதிர்க்க எழும் படையின் அத்துமீறலினின்று. வென்ற படை ஊரையே சூறையாடாதிருக்க வாளை உறையிலிடும் ஆணை அது. சிறு காயத்துக்கு அந்த ஆணை போதுமான அளவிலே வந்து நின்றுவிடுகிறது. பெருந்தீப்புண்ணிலே ஆணை நிற்பதே இல்லை. பகைவன் வாயிலிலே நிற்கும்போதும் வாள் உறைக்குள்ளேயே கிடக்கிறது.

ஆணையை நிறுத்துவது எவ்வாறு? முழுதும் நிறுத்தக் கூடாது, தணிக்க வேண்டும். 1974-இல் டெக்சாஸ் மாநிலத்துப் படை மருத்துவ நிலையத்திலே வில்மோரும் உடன் பணியாற்றியோரும், வெந்தவரின் உடல் தன்னையே எரித்துக்கொள்வதற்கு அட்ரினலின் இனப் பொருள்களே முகவர் என்று காட்டினர். அறையை வெப்பமாக வைத்தால் அந்த எரிதல் சற்றே தணிகிறது, அவ்வளவே. தோல் இழந்தவனுக்குக் குளிர் ஒரு தனித் துன்பமாதலால் அந்தச் சற்றும் அவனுக்குப் பெரிது. யுகோஸ்லாவியாவிலே மாரிபோர் என்னும் நகரத்து மருத்துவமனையில், சோரா யான்ஷெகோவிச் என்ற பெண்மணி வேறொரு வழி கண்டார். வெந்த சதை தானே உதிரட்டும் என்று மூன்று வாரம் காத்திருப்பது அக்கால வழக்கம். அவர் காத்திருக்கவில்லை, சில நாட்களுக்குள்ளேயே செத்த தோலைப் படலம் படலமாகச் சீவி, குருதி கசியும் உயிர்த் தளம் வந்ததும் நோயாளியின் நலமான தோலை ஒட்டினார். 1970-இல் அவர் கட்டுரை வெளிவந்தபின், பெரும் பெயர் பெற்ற மருத்துவர்கள் அந்நகருக்குப் பயணம் செய்து அவர் கத்தி பிடிக்கும் முறையைப் பார்த்துச் சென்றனர். செத்த சதை நீங்கினால் கிருமிக்கு உணவு இல்லை. உடலுக்கு இடைவிடா அபாயச் செய்தியும் இல்லை.

2001-இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்து ஹெர்ன்டனும் குழுவினரும், கடுந்தீப்புண்ணுற்ற 25 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினர். 13 பேருக்கு புரோப்ரனலால் கொடுத்தனர். இதய நோய்க்கென்று ஜேம்ஸ் பிளாக் ஆக்கித் தந்த மருந்து அது. அட்ரினலின் சென்று தட்டும் கதவுகளுள் ஒருவகையை அடைப்பது. அக்குழந்தைகளின் இதயத் துடிப்புத் தணிந்தது; தசை கரைவது தடுக்கப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வு, அம்மருந்து குழந்தைகளிடம் நோய்த்தொற்றை மிகுதியாக்கவில்லை என்றும் தெரிவித்தது. காவற்படையை அது முழுதும் மீட்டுத் தருமென்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லோம்.

அதே கால்வெஸ்டன் நகரிலே குழந்தைகளின் சிறுநீரைத் திங்கள்தோறும் ஆண்டுதோறும் சோதித்தும் பார்த்தனர். புண் ஆறி, கட்டு அவிழ்ந்து, வீடு திரும்பி, பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய குழந்தையிடமும், தீப்பட்ட நாளிலே ஏறிய அந்த ஹார்மோன்கள் ஓராண்டு கடந்தும் இயல்பான அளவுக்கு இறங்காமல் நின்றன. சிலருக்கு இரண்டாண்டு.